சுறா என்று சொல்லி இழந்த மீசை

எழுதுவதற்கு உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேச்சே வராது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பெரிய மீசை இருந்தது. கூச்சக்காரனுக்கு அது வாசலில் தொங்கும் திரை மாதிரி. பின்னால் பத்திரமாக இருந்துகொள்ளலாம்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சரக்கு பிரிப்பது என் வேலை. வடிவம் பார்த்துப் பிரிப்போம். குழாய் என்றால் குழாயோடு, தகடு என்றால் தகட்டோடு. அந்தப் பழக்கம்தான் கெடுத்தது.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், படகு வைத்திருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னையும் என் மகளையும் கடலுக்குள் அழைத்துப்போனார். தூரத்தில் ஒரு முக்கோணத் துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. சுறா என்றேன். ஓங்கல் என்றார் மச்சான். டால்பினை அப்படித்தான் சொல்வார். அந்த வடிவம் சுறாவுக்கு மட்டும்தான் உண்டு என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, அடித்துப் பேசினேன்.

"இன்னா மாப்ள, மீசைய பந்தயம் வெச்சி சொல்றியா?"

"வெச்சித்தான் சொல்றேன்."

அது படகுக்குப் பக்கத்தில் தலை தூக்கி, புஸ்ஸென்று என் மேல் மூச்சு விட்டது. சுறா அப்படி மூச்சு விடாது என்பது எனக்கே தெரியும். சட்டை நனைந்துபோய், மச்சானின் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் ஆறுதல் சொன்னாள். சுறா மீன் இனம். டால்பின் பால் கொடுக்கும் பிராணி, மாட்டுக்குத் தூரத்துச் சொந்தமாம். ஒரே தண்ணீரில் விரைந்து இரை பிடிக்க வேண்டியிருந்ததால் இரண்டும் தனித்தனியாக ஒரே மாதிரி உடம்புக்கு வந்து சேர்ந்தனவாம். மச்சான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னை நேராக சலூனுக்கு அழைத்துப்போனார்.

மீசை போனதும் கண்ணாடியில் மச்சான் தெரிந்தார். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரே வீட்டில் மாமியார் சமைத்ததைத் தின்று, ஒரே வெயிலில் வழுக்கை வாங்கியிருந்தோம். இத்தனை நாள் வித்தியாசம் காட்டியது மீசைதான்.

மச்சான் மகளோடு டீக்கடையில் நின்றுவிட்டார். வீட்டுக்குள் நுழைந்த என்னை மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவரு எங்க, அண்ணா? கடல்ல தள்ளிட்டு வந்துட்டியா?"

நான்தான் அவரு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். அண்ணனுக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய வஞ்சிரத் துண்டு என் தட்டில் விழுந்தது. முழுவதையும் தின்றேன்.

மறுநாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு லாரி சரக்கு வந்திருந்தது. வடிவம் பார்த்துப் பிரித்து அடுக்கினேன்.