கரையில்லாத வெள்ளைச் சேலை

பேராசிரியர் மரகதம் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி பசறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது, அவருக்காக எடுத்து வைத்த இரண்டு சேலைகளும் பதுளையில் என் கடை அலுமாரியில் இருந்தன. "நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். எந்தச் சேலை என்று அவள் இன்னும் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

உங்களில் பலருக்கு அவர் பௌத்தக் கற்கைப் பேராசிரியர். எனக்கு, எட்டாம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரகதம். 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள், புத்தர் காலத்துப் பாளி மொழி படிக்கப் போகிறேன் என்றதும் அவள் அம்மா எங்கள் கடைக்கே வந்து அழுதார். "நம்ம சாமியெல்லாம் என்னாகும்?" மரகதம் சிரித்தாள். "கதிர்காமத்துல புத்தரைக் கும்பிடுறவங்களும் நாமளும் ஒரே வரிசையிலதானே நிக்கிறோம்? முருகன் கோவிக்கல. நீதான் கோவிக்கிற." அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. எனக்கும்தான். கடைசிவரை விபூதியும் பூசினாள், பௌர்ணமிப் போயா நாளில் விகாரைக்கும் போனாள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், "பாத்துக்கிட்டு இருக்கேன்டி" என்பாள்.

சென்ற மாதம் கடைக்குள் வந்தவள் உட்காரக்கூட இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பெரிய ஆய்வுப் புலமைப்பரிசில் கொடுத்திருந்தது. "எங்க லயத்துக்குப் பக்கத்து அரசமரத்தடியில பிள்ளையாரும் இருக்காரு, புத்தரும் இருக்காரு. அதைப் பத்தி எழுத என்னைய சீமைக்குக் கூப்பிடுறாங்கடி. கூத்தைப் பாத்தியா?"

அதற்கான பாராட்டு விழாவுக்குக் கட்ட, கரையில்லாத வெள்ளைச் சேலை கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு யாராச்சும் வெள்ளை கட்டுவாங்களா? வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று மாம்பழ நிறப் பட்டு ஒன்றை எடுத்துப் போட்டேன்.

"பன்சலையில புத்தரைக் கும்பிடப் போற நல்ல நாளுக்கு வெள்ளைதான்டி" என்றாள். பிறகு, "சரி, ரெண்டையும் எடுத்து வை. யோசிச்சுச் சொல்றேன்."

அந்த இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் சாவு வீட்டுக்குப் போனேன். பெண்கள் பட்டுச் சேலையை வாங்கிக்கொண்டார்கள். "கல்யாணம் காணாத மகராசி, கலரா கட்டி அனுப்புவோம்." கட்டிய பிறகு அவள் அழகாகத்தான் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது அவளோடு படிப்பித்த பிக்குமார் வந்தார்கள். வாசலில் தப்புமேளச் சத்தம் நின்றது. இறந்தவர் பேரில் பிக்குவுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுப்பது அவர்கள் வழக்கம். வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "துணிக்கு எங்க போறதுக்கா?" என்று தம்பி என்னைப் பார்த்தான். நான் பையைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சேலையை நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நீட்டினோம்.

மூத்த பிக்கு தொட்டுப் பார்த்துத் தயங்கினார். "அம்மா, இது யாரு சேலை?" என்று திக்கித் திக்கித் தமிழில் கேட்டார்.

"அவளோடதுதாங்க, சாமி" என்றேன். அவர் வாங்கிக்கொண்டார்.

எதைக் கட்டுவதாகச் சொல்லியிருப்பாள்? அன்று நான் வாயை அடக்கியிருந்தால் என்ன? செய்தது சரியா, தப்பா? கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைப் பார்த்துக்கொண்டு இருப்பது அவளுக்கு வேலையாக இருந்தது. எனக்கு அது பழக்கமில்லை.

நேற்று ஒருத்தி, மகனின் பட்டமளிப்புக்குக் கட்ட வெள்ளைச் சேலை கேட்டாள். வழக்கமாக இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: எடுத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.