சதுக்கத்தில் சொன்னதைச் சதுக்கத்தில்

லா மாஞ்சாவில் எங்கள் ஊர்ச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தவள் பசிலிசா. பூசை தவறாத கத்தோலிக்கப் பெண். அவள் கணவன் எலாதியோ செருப்புத் தைப்பவன். கல்யாணமான பிறகு மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போய் புரொட்டஸ்டன்டாகத் திரும்பி வந்தான். யாரையும் அவன் தன் பக்கம் இழுக்கவில்லை. ஞாயிறு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பைபிள் வாசிப்பான். அதற்கே ஊர் முகம் திருப்பிக்கொண்டது.

1951-இல் எலாதியோ நெஞ்சுச் சளியில் இறந்தான். சவப்பெட்டி சதுக்கத்துக்கு வந்ததும் பங்குச் சாமியார் ஃபகுந்தோ வழியை மறித்தார்.

"கல்லறைத் தோட்டத்துல இடமில்ல. பின்சுவருக்கு அந்தாண்ட கொண்டுபோங்க."

தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் ஞானஸ்நானம் பெறாத சிசுக்களையும் புதைக்கும் முள்காடு அது. பசிலிசா மண்டியிட்டாள். "சாமி, இருபது வருஷமா உங்க கோயிலுக்கு வெள்ளையடிச்சவ கேக்கறேன்."

"நானா சொல்றேன்? திருச்சபை சொல்லுது. தப்பான மதத்துக்கு உரிமை கிடையாது, பசிலிசா."

யாரும் ஜெபம் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டு காவலர்கள் கூடவே வந்தார்கள்.

அதன்பிறகும் அவள் பூசைக்குப் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்து சாமியாரையே பார்ப்பாள். அவர் கையால் மட்டும் நற்கருணை அப்பம் வாங்க மாட்டாள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் விட்டுவிட்டாள். பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தால் வழியிலேயே பேசித் திருப்பி அனுப்பினாள். பதினாலு வருஷத்தில் கோயில் முகப்பு பாசி பிடித்துப் பச்சையானது.

1965 டிசம்பரில் என் ரொட்டிக்கடையில் செய்தித்தாளை நான்தான் அவளுக்கு வாசித்தேன். மத விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அது மனிதனின் உரிமை என்று ரோமில் ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் அறிவித்திருந்தது.

"இன்னொரு தடவ வாசி" என்றாள். மூன்று தடவை வாசித்தேன்.

ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்றாள். "சாமி, திருச்சபை பேச்சு மாறிடுச்சாமே?"

சாமியார் பிரசங்கத்தை நிறுத்தினார். "மாறல. போதனை வளர்ந்திருக்கு."

"என் புருஷன் மேல முள்ளும்தான் வளர்ந்திருக்கு. போய்ப் பாத்தீங்களா?"

மறுநாள் அவர் அவள் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்தார். "மன்னிச்சிடும்மா" என்றார்.

"திருடன் மாதிரி பின்னால வந்து கேக்கறீங்களே! சதுக்கத்துல சொன்னத சதுக்கத்துலதான் திருப்பி வாங்கணும்."

அவர் வந்த வழியே போய்விட்டார். அன்றிலிருந்து அவள் தினமும் கோயில் படியில் உட்கார்ந்தாள். உள்ளே போகிறவர்களிடமெல்லாம், "பாத்துப் போங்க, நம்ம சாமி ரோமுக்கு அடங்காதவராம்" என்பாள். சிரித்துக்கொண்டே போனவர்கள் நாளாக நாளாகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஏழு வாரம், பனியிலும் நகரவில்லை.

பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளன்று பூசை முடிந்து ஊரே சதுக்கத்தில் நின்றபோது சாமியார் தொப்பியைக் கழற்றினார்.

"எலாதியோவ அங்க புதைச்சது அநியாயம். திருச்சபை அன்னிக்கு..."

"திருச்சபை கிடக்கட்டும். நான்னு சொல்லுங்க."

"நான்... நான்தான் செஞ்சேன்."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் கத்திச் சொன்னார். குரல் உடைந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

என் கடைக்கு வந்து ஒரு ரொட்டி வாங்கினாள். "எந்தப் பாவத்தையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவேன், இத மட்டும் சொல்ல மாட்டேன். அவர் குரல் உடைஞ்சப்போ எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா!" அவள் கன்னம் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டு வருஷத்தில் மத விஷயத்தில் நாட்டுச் சட்டமும் தளர்ந்தது. கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை இடித்து முள்காட்டுக்கு நகரசபை ஒரு வழி திறந்தது. முதல் கடப்பாரையைப் பசிலிசாதான் போட்டாள். அதன்பிறகு தெருவில் அவளைக் கண்டால் சாமியார் தொப்பியைத் தொடுவார். அவள் பதிலுக்குத் தலையசைத்ததே இல்லை.

1971-இல் அவர் இறந்தபோது எல்லோரோடும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். அவள் மட்டும் குனியவில்லை.