அப்பா இருபத்தாறு வருடம் உள்ளே இருந்தார்

என் தம்பி பெங்களூர் சிவாஜிநகரில் ஒருவரின் தாடையை உடைத்தான். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு துணிக்கடை வாசலில் டெம்போவை நிறுத்திச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்ணாடியில் தட்டினார். இவன் இறங்கி அடித்தான். அந்த மனிதர் ஒன்றரை மாதம் ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடித்தார். பிறகு வந்த காகிதங்கள் எதிலும் அந்தக் கஞ்சி இல்லை. அதனால் இங்கே முதலில் எழுதுகிறேன்.

கேஸ் நான்கு வருடம் இழுத்தது. குற்றம் ருசுவாகிவிட்டது, தண்டனை மட்டும் பாக்கி. ஒரு மனநல நிபுணரிடம் அறிக்கை வாங்கலாம் என்றார் வக்கீல். ஏன் இப்படி ஆனான் என்று காரணம் காட்டினால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விட வாய்ப்பு இருக்கிறதாம். எனக்குக் காரணம் தெரியும். அவனுக்கு அடிக்கப் பிடிக்கும். பதினாறு வயதில் என்னையும் அடித்திருக்கிறான். ஆனால் அதை யாரும் அறிக்கை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த நிபுணர் தமிழ்ப் பெண்தான். மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வந்தவர்கள். அவர் தம்பியிடம் இரண்டு நாள் பேசினார். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு தலைப்புகள். உடல்ரீதியான காரணங்கள்: தந்தை நீண்டகாலக் குற்றவாளி, வறுமையால் குற்றத்தில் இறங்கி இருபத்தாறு வருடம் சிறையில் இருந்தவர், நோய் முற்றியதால் விடுவிக்கப்பட்டவர், அடங்காத கோபம் பரம்பரையாக வந்திருக்கலாம். உளரீதியான காரணங்கள்: தந்தை இல்லாமல் வளர்ந்த வீடு.

வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தம்மாகிட்ட இன்னாம்மா சொன்னே?"

"கேட்டதுக்குச் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாருன்னாங்க. இருபத்தாறு வருஷம் உள்ளே இருந்தாருன்னேன்."

தங்கவயலில் உள்ளே என்றால் சுரங்கம். வேறு அர்த்தம் இருப்பது எங்களுக்கு ஞாபகமே வராது.

"அப்புறம்?"

"எதுக்காக உள்ளே போனாருன்னாங்க. எல்லாம் வயித்துக்குத்தான்னேன். எப்போ வெளிய வந்தாருன்னாங்க. நெஞ்சு கெட்டுப்போச்சு, அனுப்பிட்டாங்கன்னேன். ஐயோ பாவம்னுச்சு அந்தப் பொண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரிக்கவில்லை.

வக்கீலிடம் போனால் அவர் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "பேடா மேடம், வேணாம். இதைத் தொடாதீங்க. இந்தக் கேஸ்ல எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல பாயிண்ட்."

"பொய் சார் இது."

"நாமளா சொன்னோம்? அவங்களா எழுதினது."

தம்பியும் அதையே சொன்னான். "செத்தவருக்கு இன்னாக்கா ஆவப்போவுது? உயிரோட இருக்கறவன் நான்."

அம்மா ஒரு நாள் பூரா யோசித்தாள். "இருக்கட்டும் விடு. அவர் இருந்தா அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாரு."

அது உண்மைதான், போட்டிருப்பார். அப்பாவின் மானத்துக்காக நான் எதையும் செய்யவில்லை. எரிச்சல் எனக்கு வேறு. அந்த ரத்தம்தான் எனக்கும். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கும் அதுதான். போன வருடம் வகுப்பில் ஒருத்தி மேல் டிபன் பாக்ஸை எறிந்தாள். மன்னிப்புக் கேட்க வைத்தோம், முடிந்தது. இனிமேல் அதற்கும் ஒரு பரம்பரை உண்டு. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு மூன்று தலைமுறைக்குச் சேர்த்து எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தின்படி ரத்தம் அடித்தது, அப்பா அடித்தார். தம்பி மட்டும் யாரையும் அடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் போனேன்.

"உள்ளேன்னா... ஜெயில் இல்லையா?" என்றார் நிபுணர்.

"மைன் மேடம். தங்கம் எடுக்கற மைன்."

முகம் சிவந்துவிட்டது. இரண்டு முறை ஸாரி சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார். "ஷிஃப்ட் வேலைன்னா வீட்டுல அதிகம் இருந்திருக்க மாட்டார், இல்லையா?"

"தினமும் வருவாரு. சாப்பிடுவாரு, தூங்குவாரு."

"அடிப்பாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"அங்க எல்லாரும்தான் குடிப்பாங்க."

அதை எழுதிக்கொண்டார்.

"அதே அப்பாவுக்குத்தான் மேடம் நானும் பொறந்தேன். அதையும் எழுதிக்குங்க."

அதை எழுதவில்லை.

புது அறிக்கையில் சிறை போய் மது வந்திருந்தது. ரத்தம் இல்லை. நீதிபதி எட்டு மாதம் கொடுத்தார். பழைய அறிக்கை இருந்திருந்தால் விட்டிருப்பார் என்கிறார் வக்கீல். விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அந்த எட்டு மாதமும் அவனைப் பார்க்க அம்மாவை ஜெயிலுக்குக் கூட்டிப்போனது நான்தான். பார்வையாளர் மனுவில் என் பெயர் இருந்தால் வெளியே வந்து பார்க்க மாட்டேன் என்று தம்பி சொல்லியனுப்பியிருந்தான். அதனால் அம்மாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். அம்மா திரும்பி வந்து, "இளைச்சுட்டான்" என்பாள். நான் எழுந்து ஆட்டோ பிடிப்பேன்.