சபையில் சொன்னதும் சூடத்தின் முன் சொல்லாததும்

கினிகத்தேனையில் பஸ் நின்றால் இறங்கி ஒரு பிளேன்டீ குடிப்பது என் பழக்கம். போன வாரமும் குடித்தேன். கடைக்காரர் தொலைக்காட்சியில் பாராளுமன்றத்தை ஓடவிட்டிருந்தார். ஏதோ ஒரு பத்திரிகை தன்னைப் பற்றி எழுதியது சிறப்புரிமை மீறல், அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மனம் புண்பட்டுவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்து தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா என் முதுகைத் தட்டிவிட்டார். அது சிரிப்பே இல்லை, பழைய வயிற்றெரிச்சல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தேயிலைச் சாயத்தின் அந்தக் கசந்த வாசனை வந்தால் எனக்கு அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், எந்தச் சவுக்காரத்துக்கும் வெளுக்காதவை. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்க மாதர் தலைவியும் அவள்தான். நான் அப்போது ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலையில் இருந்தேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பும்போது நீதிபதியம்மா வருகிற மாதிரித்தான் நடப்பேன். குதி உயர்ந்த செருப்போடு சேற்றில் விழுந்ததும் உண்டு.

அந்த வருடம் கொழுந்து நிறுக்கும்போது, ஈரம் என்று சொல்லி எடையைக் கழித்துக்கொண்டே போனார்கள். ஒரு நாள் காலை பெண்கள் மலையேறாமல், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் அம்மா. எங்கள் எம்பி வந்தார், "நான் பாத்துக்கிறேன்" என்றார், கொழும்பில் நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்தார். கழிவு கழிவாகவே இருந்தது. ஜனங்கள் அவரை ஏசித் தீர்த்தார்கள். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பாராளுமன்றத்தில் எழுந்து, போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தவள் மாதர் தலைவி செல்லம்மா, அதற்காக அவள் மகளுக்குத் தோட்ட முகாமையாளரான துரை தன் ஆபீசில் வேலை கொடுத்திருக்கிறார் என்று பேசிவிட்டார். பேரைச் சொல்லியே பேசினார்.

பத்திரிகையில் அதை நான் படித்தது ஹட்டனில், என் தட்டச்சு மேசையில் உட்கார்ந்து. சட்டத்தரணியிடம் ஓடினேன்.

"கேஸ் போடணும் ஐயா."

"முடியாதும்மா. சபைக்குள்ள என்ன பேசினாலும் கோட்டுக்கு இழுக்க ஏலாது. அதையே வெளிய நின்னு சொல்லட்டும், மறுநாளே நோட்டீஸ் அனுப்புறேன்."

"அப்ப அவரு பொய்யருன்னு நாங்க பேப்பர்ல போடுறோம்."

"போட்டா, சிறப்புரிமைய மீறிட்டீங்கன்னு ஒங்களத்தான் அங்க கூப்பிட்டு நிறுத்துவாங்க."

அடிப்பவனுக்குக் கவசம், அடி வாங்குபவளுக்கு வாய்ப்பூட்டு. இப்போது நினைத்தாலும் என் பல் நறநறக்கிறது.

நான் தினமும் பஸ்ஸேறி ஹட்டனுக்குப் போவதை லயமே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் அச்சில் வந்தால் பொய்க்கும் கால் முளைத்துவிடும். "ஹட்டன் வேலையும் தொர புடிச்சிக் குடுத்ததுதானாம்" என்றார்கள். அம்மா பீலியடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. சம்பளத்தை இழந்து அவளோடு களத்தில் உட்கார்ந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு எம்பி வருகிறார் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். "கூட்டத்துக்கு நடுவுல கேளுங்க. கோவத்தக் கௌப்புங்க. அவரு மறுபடி சொல்லணும், அதுதான் நமக்கு வேணும்." சாட்சியாகச் சட்டத்தரணியையே வரவழைத்தேன். கால்சட்டையும் குடையுமாக, தப்படிப்பவர்களுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் பாவம்.

எம்பி மாலையோடு மைக்கின் முன்னால் நின்றார். அம்மா வந்தாள். கையில் தட்டு, தட்டில் சூடம். இது நான் சொல்லிக்கொடுத்ததில் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் பழி சொன்னவர், சாமி முன்னால் அதையே சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய்யென்றால் வம்சம் விளங்காது. அம்மா தட்டை அவர் முன்னால் வைத்துக் கொளுத்தினாள்.

"ஐயா, அங்க சொன்னத இங்க ஆத்தா முன்னால சொல்லுங்க. சொல்லிட்டு இத அணைங்க. நான் இப்பவே இந்தத் தோட்டத்த விட்டுப் போயிர்றேன்."

தப்பு மேளம் நின்றது. அவர் சுடரைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. சூடம் தானாகவே எரிந்து முடிந்தது. "எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"பேசாததுக்கு வழக்குப் போட முடியாதும்மா" என்று சட்டத்தரணி குடையை மடக்கினார். வீட்டுக்கு வந்ததும் அம்மாமேல் பாய்ந்தேன். "சூடம் இல்லாம கேட்டிருந்தா சொல்லியிருப்பானே! கோட்டுல நிறுத்தியிருப்பேனே!"

"அவன் வாயடச்சு நின்னத ஊரே பாத்துச்சுல்ல. அதுக்கு மேல என்னடி கோட்டு?"

மறுநாள் பீலியடியில் அம்மாவின் குடத்தைப் பெண்களே நிரப்பித் தலையில் ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எம்பி தேர்தலில் தோற்க வேண்டும் என்று அதே அம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். ஜெயித்தார். மறுபடி போட்டேன், மறுபடியும் ஜெயித்தார். கடைசியில் வயதாகிக் கட்டிலில் செத்தார். உண்மையைத் தவிர வேறு பேசாதவர் என்று சபையில் அனுதாபம் தெரிவித்தார்கள். அதற்கும் வழக்குப் போட முடியாது. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன், சீனி தாராளமாகப் போட்டு. இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளித்தாலும் எனக்குக் கவலையில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சட்டத்தரணியும் இல்லை. அந்த லயத்தின் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது, மீதியில் அன்றைக்குப் பிறந்தே இராதவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், தோட்டப் போராட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவள், போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, பாராளுமன்றத்துப் பழைய ஹன்சாட் பதிவுல அம்மாயி பேரு இருக்கு." அந்த வரிகளை வாசித்துக் காட்டினாள். "தொர ஒங்களுக்கு வேல குடுத்தாராம்மா?"

பெரட்டுக் களத்திலிருந்து சூடம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் நம்புறேம்மா. ஆனா கட்டுரையில போடணும்னா, அன்னைக்குக் கோயில்ல நின்ன வேற யாரையாவது கேட்டுத்தான் போடணும். யாரு இருக்காங்க?"

லயத்தின் ஒவ்வொரு கதவாக மனதுக்குள் தட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.