கொலரில் மறந்துபோன மைக்

ஞாயிறு மத்தியானம் சோறு முடிந்தால் எங்கள் வீட்டில் பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்று ஓடும். கறுப்பு வெள்ளை. புருஷனும் பெண்சாதியும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சண்டை பிடிப்பார்கள். மகளுக்கு அந்தச் சோடிகள் என்றால் உயிர். "அந்தப் பார்வையைப் பாருங்கோ அம்மா, என்ன கெமிஸ்ட்ரி!" என்பாள். பக்கத்தில் நானும் இவரும் ரிமோட்டுக்கு அடிபட்டுக்கொண்டிருப்போம். அது மட்டும் அவள் கண்ணில் படாது.

அவளை விரும்பிக் கேட்ட பொடியன் தங்கமானவன். அவளோ பதில் சொல்லாமல் இழுத்தடித்தாள். ஏனென்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்களையும் அப்பாவையும் மாதிரி வாழ என்னாலை ஏலாது. ஒருநாளாவது அன்பாக் கதைச்சிருக்கிறீங்களே?"

 கோபம் வந்தது. படத்தில் வெள்ளைக்காரி கத்தினால் காதல், லண்டன் இல்ஃபோர்ட்டில் நான் கத்தினால் நரகமா?  சட்டிகளைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு அவளே மண்டபம் எடுத்தாள். எங்கள் சனத்துக்கு மண்டபம் என்றால் வீடியோக்காரரும் வேண்டும். அவர் விடும்வரை ஒருவரும் சாப்பிட ஏலாது. அவர் இவருடைய சட்டைக் கொலரில் சின்ன மைக் ஒன்றைக் கொழுவி, எங்களைப் பூ வளைவுக்குக் கீழே நிறுத்தினார்.

"அண்ணை, அக்காவை ஆசையாப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

இவர் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர்போல விறைத்தார். "நல்லாச் சமைப்பா," என்றார். சபை சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. 

பிறகு ஒரு ஞாயிறு, வழக்கமான படத்துக்குப் பதிலாக எங்கள் வீடியோவைப் போட்டோம். திரையில் ரோசாப்பூக்கள் விழும் கிராபிக்ஸ் முடிய, சனம் சாப்பிடும் காட்சி வந்தது. தூரத்தில், கேக் மேசைக்குப் பின்னால், நாங்கள் இருவரும். மைக்கைக் கழற்ற எல்லோரும் மறந்திருக்கிறோம். பேச்சு அப்படியே கேட்டது. முதலில் இவர் குரல்.

"இஞ்சாரும், பிடியும். கடைசி வடை."

"ஆறிப்போச்சு. வேண்டாம்."

"காலமை துவக்கம் நீர் ஒண்டும் சாப்பிடேல்லை. மயங்கி விழுந்து என்ர மானத்தை வாங்காதையும்."

"உங்கட மானம்! சப்பாத்து கடிச்சு நொண்டுறீங்கள், முதல்லை அதைக் கழட்டுங்கோ. அப்பவே சொன்னனான்."

"நீர் சொல்லி நான் எப்ப கேட்டனான்?"

"கதையை விட்டிட்டு வாயைத் திறவுங்கோ."

வடையைப் பிய்த்துப் பாதியை இவர் வாயில் திணித்தேன். இவர் மென்றுகொண்டே என் பட்டுச் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்து, அதற்கும் ஏச்சு வாங்கினார்.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. "உந்த வீடியோக்காரனுக்கு விசரே? நிப்பாட்டு பிள்ளை!"

அவள் நிறுத்தவில்லை. பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். ரிமோட்டை எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மா, வாற ஞாயிறு அவரைச் சாப்பிட வரச் சொல்லட்டே? வடை சுடுவீங்களே?"

இவர் முந்திக்கொண்டார். "சுடுவா. இந்தமுறையாவது ஆறமுதல் தரச் சொல்லு."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.