விடச் சொல்லும் வரை

இது கட்டுக்கதை இல்லை. என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நடந்தது. அவரைத் தெரிந்தவர்கள் இதற்கு வேறு சாட்சி கேட்க மாட்டார்கள். பொய் சொல்லக் கொஞ்சமாவது கற்பனை வேண்டும். அது அவருக்கு அறவே கிடையாது. பல் செட் செய்வது அவர் தொழில். அளந்து, தேய்த்து, மறுபடியும் அளந்து பார்க்கிற ஆள். இந்தச் சம்பவத்தை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி இல்லை, நாய் ஊளை இல்லை. பேய்க்கு ராத்திரியில் மட்டும்தான் டூட்டி என்று யார் சொன்னது? இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக். பழைய இரும்புக் கடையில், உடைக்கக் காத்திருந்த வண்டிகளுக்கு நடுவே நின்றதை அத்தான் பார்த்தார். பார்த்த அன்றே வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். ஒன்றரை வருஷமாக அவருடைய விடுமுறை நாள் ஒவ்வொன்றும் அங்கேதான் போனது. துருவைச் சுரண்டினார், தகடு ஒட்டினார், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார். "என்னைவிட அந்த வண்டியோடதான் நல்லா பேசுறார்" என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். ஆனாலும் கூப்பிட்டால் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள்.

முதல் வாரத்தில் டிரைவர் சீட்டைக் கழற்றியபோது, அடியில் ஒரு செருப்புக் கிடைத்தது. பெண்கள் போடுகிற செருப்பு, இடது கால். அதன் ஜோடியைக் காணோம். அத்தான் அதைத் தூக்கிப் போடவில்லை. சொந்தக்காரி தேடிக்கொண்டு வந்தால் கொடுத்துவிடலாம் என்று சிரித்தபடி ஷெட் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு பிரேக் வேலை. பிரேக் குழாய்களில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது, அதை வெளியே எடுக்க வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும். 'விடு' என்று சொல்கிற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், செய்த வேலை அத்தனையும் பாழ்.

அக்காவின் குரல் கீழே சரியாகக் கேட்காது. அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. மிதித்ததும் அவள் மோதிர விரலால் கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். டிங்... டிங்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். நான்காவது சக்கரம் முடிந்தபோது மணி 3:42. அக்கா இறங்கி வந்து, பாட்டு வகுப்பிலிருந்து மகள் பாப்பாவைக் கூட்டி வரப் போவதாகச் சொன்னாள். சக்கரத்துக்குள் தலையை விட்டிருந்த அத்தான் "ம்" என்றார். அந்த 'ம்' எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். காதில் விழுந்தாலும் 'ம்'தான், விழாவிட்டாலும் 'ம்'தான்.

அன்றைக்கு விழவில்லை.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. பெடலை வலுவாக மிதித்துப் பிடித்திருக்க, வண்டிக்கு அடியில் படுத்து, குழாய் இணைப்பு ஏதாவது கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அத்தான் குரல் கொடுத்தார்.

"நல்லா மிதி. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு இரண்டு தட்டு.

தொப்... தொப்.

உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். மோதிரத்தைக் கழற்றிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

இங்கேதான் அத்தான் ஒரு தப்புச் செய்தார். ஆயிரம் முறை அளக்கிற மனிதர் அந்த ஒன்றை மட்டும் அளக்காமல் விட்டார்.

ஷெட்டின் தரை கேட்டை நோக்கிச் சரிவானது. வண்டியின் முதுகு கேட் பக்கம். சக்கரத்தோடு எஞ்சினைச் சேர்க்கிற ஷாஃப்ட் இரண்டையும் பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்ட் இல்லையென்றால் கியரும் நிறுத்தாது, ஹேண்ட் பிரேக்கும் நிறுத்தாது. பின் சக்கரங்களுக்கு வைத்திருந்த இரண்டு மரக்கட்டைகள்தான் வண்டியை நிறுத்தியிருந்தன.

அந்தக் கட்டைகளை உருவினார். மல்லாந்து படுக்கத் தலைக்கு ஒன்று. கைவிளக்கை நிறுத்த இன்னொன்று. அக்காதான் பிரேக்கை மிதித்திருக்கிறாளே, ஐந்து நிமிஷ வேலைதானே!

கால்களை வெளியே நீட்டி, முன் சக்கரத்துக்குப் பின்னால் குறுக்காகப் படுத்தார். மணி 3:50.

வண்டி அசையவில்லை. பின் விளக்கின் சிவப்பு கேட் கம்பிகளில் விழுந்தது. மிதி நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் அக்காவைவிட நன்றாக. அக்காவுக்கு இரண்டு நிமிஷத்தில் கால் கடுத்துவிடும், முணுமுணுப்பாள். இன்றைக்குச் சத்தமே இல்லை. பத்து நிமிஷம் ஆகியும் பெடல் ஒரு நூல்கூட மேலே வரவில்லை. பரவாயில்லையே, என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பெடலின் தண்டு தரைத்தகட்டில் ஒரு துளை வழியாகக் கீழே இறங்கும். அந்தத் துளையை மூடும் ரப்பரை அத்தான் இன்னும் போடவில்லை. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் பெடலின் அடிப்பக்கம் தெரியும்.

பார்த்தார். பெடலின் விளிம்பைத் தாண்டி ஐந்து விரல்கள்.

வெறுங்கால்.

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஷெட்டுக்குள் ஷூ இல்லாமல் வரக் கூடாது என்று அக்காவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். பிறகு விரல் நுனிகளைப் பார்த்தார். வெளுத்திருந்தன. ரொம்ப நேரமாக அழுத்தி அழுத்தி ரத்தம் வற்றிய வெளுப்பு. தண்டு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பாவமாக இருந்தது அவருக்கு.

"கால் வலிக்குதா? இன்னும் ரெண்டே நிமிஷம்."

தொப்... தொப்.

மணி 4:11. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார்.

அக்கா.

"பாப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். வழியில ரொட்டி வாங்கிட்டு வரட்டுமா?"



"நீ... எங்க இருக்கே?"

"சொல்லிட்டுத்தானே வந்தேன்? 'ம்'னீங்களே."

போன் கையிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது. அக்கா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

மேலே விரல்கள் அப்படியே இருந்தன.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அது தெரிந்த அடுத்த நொடி இன்னொன்றும் தெரிந்தது. தலைக்கு அடியில் ஒரு கட்டை. விளக்குக்கு அடியில் ஒரு கட்டை. சக்கரத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. கேட்டுக்கு எட்டடி தூரம். வண்டியின் எடைக்கு முன்னால் அந்தக் கேட் வெறும் காகிதம். முன் சக்கரத்தின் வழியில் இரண்டு தொடைகளும் கிடந்தன.

இரண்டு டன் வண்டி. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கால்.

அது காலை எடுத்தால் முடிந்தது.

பயந்து கத்தக்கூடத் தைரியம் வரவில்லை என்றார். எந்த வார்த்தையை அது 'விடு' என்று எடுத்துக்கொள்ளுமோ.

மூச்சை அடக்கினார். முழங்கையை ஊன்றினார். ஓர் அங்குலம் நகர்ந்தார்.

இன்னோர் அங்குலம்.

சட்டென்று தோளில் ஏதோ பிடித்து இழுத்தது.

உயிரே போய்விட்டது... சட்டை ஒரு போல்டில் மாட்டியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தார். துணி கிழிகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.

மேலே சீட் கிரீச்சிட்டது.

யாரோ குனிந்து பார்ப்பது மாதிரி.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

எண்ணினார். பத்து வரை. இருபது வரை.

வண்டி உருளவில்லை.

மறுபடி நகர்ந்தார்.

இரண்டு கட்டைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. அக்காவுக்கு முன்னால் பாப்பா. வண்டிக்கு நேர் பின்னால். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்று, "அப்பா!" என்று கூப்பிட்டது.

 அத்தான் தவழ்ந்தே போய் ஒரு கட்டையை இடது பின் சக்கரத்துக்குக் கொடுத்தார். சுற்றிவந்து வலது பின் சக்கரத்துக்கு இன்னொன்று. காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினார்.

அக்கா பின் விளக்கைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"உள்ள யாரு மிதிச்சிட்டிருக்கா?"

அத்தான் கதவருகே போனார். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது என்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

சீட்டில் யாரும் இல்லை.

பெடல் மட்டும் அடிவரை அழுந்தி இருந்தது. நடுங்கிக்கொண்டு.

அப்போதுதான் அந்தக் குரல். வயதான பெண் குரல். அத்தனை களைப்பு.

"விடலாமா...?"

 அத்தான் சாமானியமாக யாருக்கும் பதில் சொல்லாத மனிதர். அன்றைக்குச் சொன்னார்.

"விடுங்கம்மா."

பெடல் மெதுவாக மேலே வந்தது. வண்டி விரற்கடை பின்னால் நகர்ந்து, கட்டையில் முட்டி நின்றது. சிவப்பு அணைந்தது.

மணி 4:25. போனில் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று கேட்காதீர்கள். அளந்து பழகிய கை.

அன்றைக்கு மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். திங்கட்கிழமை அத்தான் வேலைக்குப் போகாமல் பழைய இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் தேடித் துழாவி, வண்டியை விற்றவரின் எண்ணைக் கொடுத்தார். விற்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வண்டி அவருடைய அப்பாவுடையது. போனில் எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை அவரே வந்தார். நானும் அப்போது ஷெட்டில் இருந்தேன்.

வாத்தியார் வண்டியைப் பார்க்கவில்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நிதானமாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் இந்த வண்டிதான் உயிர். சரிவான முற்றம். ஒருநாள் மத்தியானம் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மனைவியை பிரேக்கில் உட்கார வைத்து அடியில் போனார். நான் சொல்கிற வரைக்கும் விடாதே என்றார். செருப்பு வழுக்குகிறது என்று அந்த அம்மா வலது செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு மிதித்தாள். அடியில் அவருக்கு மாரடைப்பு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டார்.

அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. காலை எடுத்தால் வண்டி அவர் மேல் ஏறிவிடும். கத்தினாலும் கேட்க அக்கம் பக்கத்தில் யாரும் இல்லை. வாத்தியார் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தது மாலை ஆறரைக்கு. நாலரை மணி நேரம் அவள் காலை எடுக்கவில்லை. அப்பா முதல் சில நிமிஷத்திலேயே போயிருப்பார் என்றார் டாக்டர்.

"அதுக்கப்புறம் அம்மாவோட வலது கால் மடங்கவே இல்ல" என்றார் வாத்தியார். "ரெண்டு வருஷமா படுக்கை. தூக்கத்துலயும் கட்டில் சட்டத்தை அந்தக் காலால அழுத்திக்கிட்டே இருப்பாங்க."

அத்தான் அந்த அம்மா எப்போது இறந்தாள் என்று கேட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமைதான். ஆஸ்பத்திரியில. மத்தியானம் பூரா 'விடலாமா, விடலாமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. யாரைக் கேக்கறாங்கன்னு எங்களுக்குப் புரியல. கடைசியில யாரோ என்னவோ சொன்ன மாதிரி தலையை ஆட்டினாங்க. காலைத் தளர விட்டாங்க. அவ்வளவுதான்."

நர்ஸ் எழுதி வைத்த நேரம் 4:25.

செருப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஷெட்டிலேயே நின்றோம். எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. 3:50க்கு அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள். அப்படியென்றால் வண்டியில் உட்கார்ந்திருந்தது பேய் இல்லை. பிறகு அது என்ன? நான் வாய் திறப்பதற்குள் அத்தான் கேட்டுவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மாப்ளே... நான் அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா, அந்த அம்மா இன்னும் உயிரோட இருந்திருப்பாங்களா?"

 வண்டி இப்போதும் அந்த ஷெட்டில் கட்டை கொடுத்து நிற்கிறது. பாப்பா கையைப் பிடித்துத் தொங்கினால்கூட அத்தான் 'விடு' என்று சொல்வதில்லை. அதுவாக விடுகிற வரைக்கும் நிற்கிறார்.