முனுசாமி வீட்டு நங்கூரம்

போன ஞாயிறு என் கால் நடுங்க ஆரம்பித்தது. இன்னும் முழுசாக நிற்கவில்லை.

எனக்கொரு கிறுக்கு உண்டு, உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம் வட்டாரத்தில் விழுந்த ராணுவ விமானங்களைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரிப்பது. பொன்னேரியில் ஒருவர், "பழவேற்காடு பக்கம் ஆகாசம் தும்முன மாதிரி ஒரு சத்தம் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பழவேற்காடு ஏரிக்கரை வரை சைக்கிள் மிதித்துவிட்டேன்.

அங்கே ஒரு குப்பத்தில் முனுசாமி என்ற மீனவர் பாய் போட்டு உட்கார வைத்தார். விமானம் ஏரியில் விழுந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வலை அமிழ்வதற்கு அடியில் ஈயக் குண்டு கோப்பார்கள் இல்லையா... அவர் கோத்தது ஈயமாகத் தெரியவில்லை. விரல் நீளம், பாசி பிடித்த பித்தளை, கூர் முனை. முடிச்சு இறுக வேண்டுமென்று ஒவ்வொன்றையும் கல்லால் தட்டுகிறார்.

குனிந்து பார்த்தேன். "அம்மா... இது தோட்டா."

"ஆமா சார். அந்த ப்ளேன்ல இருந்ததுதான்." டக், டக்.

"வெடிக்காத தோட்டாம்மா. தட்டாதீங்க."

"தண்ணில ஊறுனது எங்க சார் வெடிக்கும்? நனஞ்ச பட்டாசு வெடிக்குதா இன்னா?"

முனுசாமி சிரித்தார். "இதுக்கே பேஜாராயிட்டியே சார். பெருசு ஒண்ணு கீது, வால் வெச்சது. அதுல கயிறு கட்டி நங்கூரமா வெச்சிக்கினு கீறோம். இப்ப என் தம்பி ஏழுமலதான் அத்த எடுத்துக்கினு போயிருக்கான்."

வால் வைத்த இரும்பு. ராணுவ விமானம். அது வேறென்னவாக இருக்கும்? வெடிகுண்டு என்று நான் சொன்னதும் கன்னியம்மாவின் கையில் கல் அப்படியே நின்றது.

"யோவ், கரைக்கு வந்தா அத்தத் தூக்கி வீசுவானே உன் தம்பி."

மூவரும் ஓடினோம். படகு கரையை நெருங்கிவிட்டது. ஏழுமலை நங்கூரத்தைத் தோள்வரை தூக்கிவிட்டான்.

"போடாதடா," என்று முனுசாமி கத்தினார்.

"போடாம படகு எப்டிண்ணா நிக்கும்?"

"அது பாம்டா."

ஏழுமலை போடவில்லை. கீழே வைக்கவும் தைரியமில்லை. பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அண்ணன்தான் தண்ணீரில் இறங்கிப் போனார். இருவருமாக மெதுவாகத் தூக்கிவந்து ஈர மணலில் படுக்க வைத்தார்கள். ஆராய்ச்சியாளன் நான்? — சவுக்கு மரத்துக்குப் பின்னால்.

தகவல் போய், மறுநாள் ராணுவத்தார் வந்தார்கள். ஜனங்களை விலக்கிவிட்டு, வெட்டவெளியில் அதை வெடிக்க வைத்தார்கள். வெடித்தது. ஏரியிலிருந்த பறவை மொத்தமும் எழுந்துவிட்டது.

"எவ்வளவு நாளாக இதை வைத்திருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து சார். தெனம் ரெண்டு தபா போடுவோம். வலை விட்டா ஒரு தபா, கரைக்கு வந்தா ஒரு தபா," என்றார் முனுசாமி.

அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

விமானம் என்றைக்கு விழுந்தது என்று கேட்கத்தான் நான் போனேன்... அதன் குண்டோ தினமும் இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்திருக்கிறது.